உள்ளே நுழைய முடியாத கிளவுட் சர்வரை மீட்பது எப்படி?

ராயக்கோட்டை தக்காளி மண்டிக் கணக்கோ, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையின் ஸ்டாக் விவரமோ அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில், மும்பை ரீஜியனில் ஓடும் ஒரு இசி2 (வாடகை சர்வர்) லினக்ஸ் மெஷினில் இருக்கிறது, திடீரென்று எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் 'டெர்மினேட்' (மெஷினையே அழிக்கும் கட்டளை) மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வழக்கமான அமைப்பில் பூட் டிஸ்க்கும் சேர்ந்தே அழியும்.

1. என்ன பிழை வருகிறது?
'டைம்டு அவுட்' என்றால் முதலில் நெட்வொர்க்கைப் பாருங்கள். கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழும்போது பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஐபி மாறிவிடும். செக்யூரிட்டி குரூப்பில் (மெஷினுக்குள் யார் வரலாம் என்ற விதிப்பட்டியல்) எஸ்எஸ்ஹெச் பயன்படுத்தும் 22ஆம் போர்ட்டுக்குப் பழைய ஐபியே இருந்தால் உள்ளே விடாது. இன்பவுண்ட் விதியில் 'மை ஐபி'யை மறுபடி தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அவசரத்துக்கு 0.0.0.0/0 என்று எல்லோருக்கும் திறந்துவிடுவது ஆபத்து.

'பெர்மிஷன் டினைடு' வந்தால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது. கீயையும் (நுழைவுச் சாவிக் கோப்பு) யூசர் பெயரையும் சரிபாருங்கள்: அமேசான் லினக்ஸுக்கு 'இசி2-யூசர்' (ec2-user), உபுண்டுவுக்கு 'உபுண்டு' (ubuntu).

2. சிஸ்டம் லாக்
இன்ஸ்டன்ஸ் (அதாவது உங்கள் மெஷின்) ஸ்டேட்டஸ் செக் ஃபெயில் ஆகியிருந்தால் ஏடபிள்யூஎஸ் கன்சோலில் சிஸ்டம் லாகைத் திறங்கள். 'எமர்ஜென்சி மோட்' என்று இருந்தால் முதல் சந்தேகம் எஃப்எஸ்டேப் (/etc/fstab, பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) கோப்பின் மேல்தான். கழற்றிவிட்ட டிஸ்க்கின் வரி அதில் மிச்சமிருந்தால், லினக்ஸ் அதற்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு பூட்டை நிறுத்திவிடும்.

3. டிஸ்க்கைக் கழற்றிச் சரிசெய்தல்
மெஷினை 'ஸ்டாப்' செய்யுங்கள். இன்ஸ்டன்ஸ் ஸ்டோரில் (மெஷினோடு வரும் தற்காலிக டிஸ்க்) வைத்த தரவு இதில் போய்விடும், இபிஎஸ் டிஸ்க்கில் (தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய டிஸ்க்) உள்ளது பத்திரமாக இருக்கும். உடனே அந்த டிஸ்க்குக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது. ரூட் டிஸ்க்கின் (பூட் டிஸ்க்) டிவைஸ் பெயரைக் குறித்துக்கொண்டு டிட்டாச் செய்து, அதே அவைலபிலிட்டி ஸோனில் (ரீஜியனுக்குள் ஒரு பிரிவு) ஓடும் வேறொரு லினக்ஸ் மெஷினில் கூடுதல் டிஸ்க்காக அட்டாச் செய்யுங்கள். ஸோன் வேறானால் சேராது.

'எல்எஸ்பிஎல்கே' (lsblk) கட்டளை கொடுத்தால் புது டிஸ்க் தெரியும். அதன் பெரிய பார்ட்டிஷனை மவுண்ட் செய்யுங்கள் (கோப்புகளைத் திறக்கும்படி இணையுங்கள்). இரண்டு மெஷினும் ஒரே இமேஜிலிருந்து வந்தவை என்றால், எக்ஸ்எஃப்எஸ் (ஒரு வகை ஃபைல் சிஸ்டம்) டிஸ்க் 'டூப்ளிகேட் யூயூஐடி' (ஒரே அடையாள எண்) என்று மறுக்கும், 'நோயூயூஐடி' (nouuid) ஆப்ஷனோடு மவுண்ட் செய்தால் போதும். அந்த டிஸ்க்கில் உள்ள எஃப்எஸ்டேப்பைத் திருத்துங்கள், உதவி மெஷினுடையதை அல்ல! தேவையற்ற வரியை நீக்குங்கள், மற்ற டேட்டா டிஸ்க் வரிகளில் 'நோஃபெயில்' (nofail, டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரும்) சேருங்கள்.

அன்மவுண்ட், டிட்டாச். பழைய மெஷினில் குறித்துவைத்த அதே டிவைஸ் பெயரில் அட்டாச் செய்து ஸ்டார்ட் கொடுங்கள். பெயர் மாறினால் ரூட் டிஸ்க் இல்லை என்று ஸ்டார்ட்டே ஆகாது.

எலாஸ்டிக் ஐபி (மாறாத நிலையான முகவரி) இல்லாவிட்டால் பப்ளிக் ஐபி இப்போது மாறியிருக்கும். மண்டியில் உள்ள பில்லிங் கம்ப்யூட்டர்களில் புது முகவரியைப் போட மறக்காதீர்கள்.