மஃபின் மேலே ஏன் பிசுபிசுத்தது?

கொடைக்கானலில் மூன்று நாள் கூடார வாசம். காலையில் சுடச்சுட வாழைப்பழ மஃபின் வேண்டும். கையில் சின்ன கேஸ் அடுப்பு, அலுமினியப் பாத்திரம், சிலிக்கோன் கப்புகள்.

முதல் நாள் தண்ணீரில்லாமல் சுட்டேன். அடி கருகியது, நடுவில் பச்சை மாவு. தீயைக் குறைத்தால் காற்றில் அணைந்தது. மறுநாள் கூழாங்கற்கள் மேல் கப்பை வைத்து, விரற்கடைத் தண்ணீரில் ஆவி கட்டினேன். மேல்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டியது. பேக்கிங் பவுடரைக் கூட்டினால் கசப்புதான் மிச்சம்.

மூடியைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது: உள்பக்கம் முத்து முத்தாக நீர், நேராகக் கப்புக்குள் சொட்டுகிறது! மூன்றாம் நாள் மூடியைக் கைக்குட்டையால் சுற்றி, முனைகளைத் தீ படாமல் மேலே முடிந்தேன். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் 12 நிமிடத்தை 20 ஆக்கினேன். பஞ்சுபோல வெந்தது. அப்பாடா!