சிக்னல் ஏன் வந்தது? எஸ்ஐ_கோட் புலத்தை வாசிப்பதில் நேரும் தவறுகள்

லினக்ஸில் ஒரு நிரல் சிக்செக்வி (SIGSEGV, தவறான நினைவக அணுகலுக்குக் கர்னல் அனுப்பும் சிக்னல்) வாங்கி விழுந்தால், பல பதிவேடுகளில் மிஞ்சுவது "சிக்னல் 11" என்ற ஒற்றை வரிதான். காரணத்தைக் கர்னல் தனியாக, சிக்இன்ஃபோ_டி (siginfo_t) என்ற 128 பைட் கட்டமைப்பில் எழுதித் தருகிறது. சிக்னல் ஏன் வந்தது என்பதற்கான எண் அதில் எஸ்ஐ_கோட் (si_code) என்ற புலத்தில் இருக்கும். அந்தக் கட்டமைப்பை வாங்குவதிலும் வாசிப்பதிலும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான தவறுகள்தான் நடக்கின்றன.

சிக்னல் வந்ததும் ஓட வேண்டிய செயற்கூறை, அதாவது மூன்று அளபுருக்கள் வாங்கும் ஹேண்ட்லரை எழுதிவிட்டு, சிக்ஆக்‌ஷன் அழைப்பில் எஸ்ஏ_சிக்இன்ஃபோ ஃபிளாக்கைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். கம்பைலர் வாயே திறக்காது. எக்ஸ்86-64 கர்னல் இரண்டாவது அளபுருவுக்கான ரெஜிஸ்டரில் எப்படியும் ஒரு முகவரியை வைத்துவிடும். ஃபிளாக் இல்லையென்றால் அந்த இடத்தில் தகவலை மட்டும் எழுதாது. பாயின்டர் சரியாகவே இருக்கும், உள்ளே கிடப்பது ஸ்டாக்கின் பழைய குப்பை. நிரல் அங்கேயே விழுந்திருந்தால்கூட நல்லது. விழாமல் பொய்க் காரணத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கும்.

எஸ்ஐ_கோட் பார்க்காமலே எஸ்ஐ_அட்ர் (si_addr) என்ற முகவரிப் புலத்தை அச்சிடுவது இதைவிடப் பரவலான தவறு. புலங்கள் ஒரு யூனியனுக்குள், அதாவது ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டு, இருக்கின்றன. பிழை நேர்ந்த முகவரியும், அனுப்பிய பிராசஸின் பிஐடி (பிராசஸ் எண்), யூஐடி (பயனர் எண்) இரண்டும் 64 பிட் லினக்ஸில் அதே எட்டு பைட்டுகளில்தான் உட்கார்கின்றன. யூஐடி 1000 உள்ள ஒருவர் கில் கட்டளையால் சிக்செக்வி அனுப்பினால், "முகவரி"யின் மேல்பாதி ஹெக்ஸில் 3இ8 என்று தெரியும். அது 1000 என்ற யூஐடியே. இதை நினைவகப் பிழை என்று நம்பித் தேடினால் நாட்கள் வீணாகும்.

சிக்செக்வியில் எஸ்ஐ_கோட் 1 என்றால் அந்த முகவரியில் எதுவுமே மேப் ஆகவில்லை. 2 என்றால் மேப் ஆகியிருக்கிறது, அனுமதி இல்லை. படிக்க மட்டும் அனுமதியுள்ள பக்கத்தில் எழுதினால் வருவது இரண்டாவது. முகவரி 0 என்றதும் நல் பாயின்டர் என்று முடிவு கட்டுவதும் கூடாது. எக்ஸ்86-64-இல் செல்லாத வடிவ முகவரியை, அதாவது மேல் பிட்டுகள் சிதைந்த பாயின்டரைத் தொட்டால், எஸ்ஐ_கோட் 128, அதாவது எஸ்ஐ_கர்னல், என்று வரும். முகவரி 0 என்று இருக்கும். உண்மையான முகவரியைக் கர்னல் அங்கே தருவதில்லை. அப்போது ரெஜிஸ்டர்களைத்தான் பார்க்க வேண்டும்.

கில் அழைப்பால் வந்த சிக்னலில் எஸ்ஐ_கோட் 0, அதாவது எஸ்ஐ_யூசர், என்று இருக்கும். "எஸ்ஐ_யூசர் இல்லையா, அப்படியானால் கர்னல்தான் அனுப்பியது" என்ற கணக்கும் தப்பு. சி நூலகமான கிளிப்சியின் ரெய்ஸ், அபார்ட் இரண்டும் எஸ்ஐ_டிகில் என்று -6 காட்டும். சிக்கியூ அழைப்பு -1 காட்டும். உடைந்த பைப்பில் எழுதியதால் கர்னல் அனுப்பும் சிக்பைப்போ எஸ்ஐ_யூசர் என்றே வருகிறது, பிஐடியும் நம்முடையதாகவே இருக்கும். பிழைச் சிக்னல்களுக்கு நம்பத்தக்க சோதனை ஒன்றுதான்: மதிப்பு 0-க்கு மேல் இருந்தால் கர்னல் தானே எழுதியது. இன்னொரு பிராசஸ் அப்படி ஒரு மதிப்பைப் போலியாக இட்டு அனுப்பக் கர்னல் விடாது. ஆனால் எதிர்ம மதிப்போடு வரும் எஸ்ஐ_பிஐடி போலியாக இருக்கலாம். அதை வைத்து அனுமதி வழங்கும் முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

சேய் பிராசஸின் முடிவைச் சொல்லும் சிக்சைல்டு வரும்போது எஸ்ஐ_ஸ்டேட்டஸ் புலத்தின் மேல் டபிள்யூஎக்ஸிட்ஸ்டேட்டஸ் மேக்ரோவைப் போடுகிறார்கள். அந்த மேக்ரோ வெயிட்பிஐடி தரும் மதிப்புக்கானது. இங்கே எஸ்ஐ_கோட் 1 என்றால் இருப்பது வெளியேறும் எண், 2 அல்லது 3 என்றால் கொன்ற சிக்னலின் எண், பிரிக்க எதுவும் இல்லை. இரண்டு சேய்கள் அடுத்தடுத்து இறந்தால் ஒரே சிக்னலாகச் சுருங்கிவிடவும் கூடும். ஆகவே, காத்திருக்காமல் திரும்பச் சொல்லும் டபிள்யூநோஹேங் கொடுத்து, இறந்த சேய் எதுவும் மிச்சமில்லை என்று ஆகும்வரை வெயிட்பிஐடியைச் சுழற்சியில் அழையுங்கள்.

ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப் பாதுகாப்பானதல்ல, ரைட் போதும். ஸ்டாக் நிரம்பி வந்த சிக்செக்வியைப் பிடிக்க, ஹேண்ட்லருக்குத் தனி ஸ்டாக் தரும் சிக்ஆல்ட்ஸ்டாக் அழைப்பும் எஸ்ஏ_ஆன்ஸ்டாக் ஃபிளாக்கும் அவசியம். இல்லாவிட்டால் ஹேண்ட்லர் ஓடவே இடமிருக்காது.

பதிவு செய்த பின் என்ன செய்வது என்பதில்தான் நல்ல நிரலாளர்களும் சறுக்குகிறார்கள். வெறுமனே திரும்பினால் அதே கட்டளை மறுபடி ஓடி, அதே பிழை முடிவில்லாமல் சுழலும். ரெய்ஸ் அழைத்தால், நிரல் விழும்போது அதன் நினைவகத்தைப் பதிந்து வைக்கும் கோர் கோப்பில் மூலக் காரணம் அழிந்து எஸ்ஐ_டிகில் மட்டும் எஞ்சும். எஸ்ஐ_கோட் 0-க்கு மேல் என்றால் அந்தச் சிக்னலை இயல்பு நடத்தைக்கு மாற்றிவிட்டுத் திரும்புங்கள். பிழை மீண்டும் நேர்ந்து, சரியான காரணத்தோடு கோர் விழும். 0 அல்லது அதற்குக் கீழ் என்றால் அந்தக் கட்டளையில் பிழை எதுவும் இல்லை, திரும்பினால் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே மட்டும் இயல்பு நடத்தைக்கு மாற்றியபின் ரெய்ஸ் தேவை. பிறகு ஜிடிபி என்ற பிழைநீக்கியில் கோர் கோப்பைத் திறந்து $_சிக்இன்ஃபோ மாறியை அச்சிட்டால், கர்னல் எழுதிய எல்லாப் புலங்களும் தெரியும்.