சுகர் பேஸ்டில் உட்கார்ந்த யானை: முதல்முறை செய்பவர்களுக்கு

கேக் மேல் வைக்க முதன்முதலாக ஒரு மிருகம் செய்யப் போகிறீர்களா? யானையில் தொடங்குங்கள். நிற்கும் யானை வேண்டாம், உட்கார்ந்த யானை. அடி அகலம் என்பதால் சாயாது, மெல்லிய காலோ நீளக் கழுத்தோ இல்லாததால் ஒடியவும் ஒடியாது. கேக் வெட்டும் நாளுக்கு நான்கு நாள் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

கேக்கை மூடப் பயன்படும் சாதாரண சுகர் பேஸ்டில் (மாவுபோல் பிசையக்கூடிய சர்க்கரைக் கலவை) உருவம் செய்தால், வைத்த சிறிது நேரத்திலேயே தொய்ந்துவிடும். 250 கிராம் பேஸ்டில் அதை இறுகவைக்கும் சிஎம்சி பவுடரை (உணவில் சேர்க்கும் கெட்டிப்படுத்தும் பொடி) ஒரு டீஸ்பூன் தூவிப் பிசைந்து, கிளிங் ரேப்பில் இறுக்கிச் சுற்றி ஓர் இரவு விடுங்கள். கூடவே பசையும் தயாரித்துவிடலாம்: கால் டீஸ்பூன் சிஎம்சி, இரண்டு டேபிள்ஸ்பூன் கொதித்து ஆறிய தண்ணீர். முதலில் கட்டி கட்டியாக நிற்கும், காலையில் தானாகக் கரைந்திருக்கும்.

சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு ஜெல் ஃபுட் கலரை டூத்பிக் நுனியில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தண்ணீர்க் கலர் ஊற்றினால் பேஸ்ட் கொழகொழத்துவிடும்.

யானைக்குச் சுமார் 100 கிராம் போதும். உடம்புக்கு 45, தலைக்கும் தும்பிக்கைக்கும் சேர்த்து 25, கால் ஒவ்வொன்றுக்கும் 6, காது ஒவ்வொன்றுக்கும் 3 கிராம். கண்ணளவில் பிரிக்காமல் எடை போட்டே பிரியுங்கள். இல்லாவிட்டால் நான்கு கால் நான்கு அளவில் வரும். கையில் எடுக்காத துண்டுகளை மூடியே வையுங்கள்.

இப்போது உருண்டை பிடிப்பது. இதில் அவசரமே கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே முதலில் நன்றாக அழுத்தி, பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே உருட்டுங்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை அளவு கோடு தெரிந்தாலும் மறுபடி பிசைந்து உருட்டுங்கள், ஏனென்றால் அது காயும்போது வாய் பிளக்கும். பேஸ்ட் வறண்டிருந்தால் விரலில் துளி வெஜிடபிள் ஷார்ட்டனிங் (வனஸ்பதி போன்ற கெட்டிக் கொழுப்பு) தடவிக்கொள்ளுங்கள். ஒட்டினால் மட்டும் கார்ன்ஃப்ளார். அதிகமானால் அதுவே விரிசலுக்குக் காரணமாகிவிடும்.

உடம்பு உருண்டையின் மேல்பாதியை லேசாகக் குறுக்கி முட்டை வடிவாக்கி நிறுத்துங்கள். சமைக்காத ஸ்பகெட்டிக் குச்சி ஒன்றை நடுவே இறக்கி, மேலே ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒடித்துவிடுங்கள். பின்னங்கால்களை முன்னே நீட்டியும், முன்னங்கால்களை வயிற்றின் மேல் தொங்கவிட்டும் பசையால் ஒட்டுங்கள். பசை மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். பாதத்தில் டூத்பிக்கால் மூன்று பிறை வளைவு அழுத்தினால் நகம் வந்துவிடும்.

இந்த இடத்தில் வேலையை நிறுத்தி, உடம்பை ஓர் இரவு காயவிடுங்கள். தலைக்கான துண்டு கிளிங் ரேப்பிலேயே இருக்கட்டும். நான் செய்த முதல் யானைக்கு உடம்பு இறுகும் முன்பே தலையை வைத்துவிட்டேன். காலையில் தலை சரிந்து, தும்பிக்கை தரையில் அழுந்திக் கிடந்தது.

மறுநாள் தலை உருண்டையின் ஒரு பக்கத்தை இரு விரலுக்கிடையில் உருட்டி உருட்டி நீட்டினால் தும்பிக்கை. தலையைக் குச்சியில் செருகி ஒட்டி, தும்பிக்கை வயிற்றில் படியுமாறு வளைத்துவிடுங்கள். காது உருண்டைகளைத் தட்டையாக்கி ஓரத்தை மட்டும் மெலிதாக்குங்கள். ஒட்டும் பக்கம் தடிமனாகவே இருக்கட்டும். கண்ணுக்குக் குண்டூசித் தலை அளவில் கறுப்பு உருண்டை இரண்டு. சற்றுத் தாழ்வாகவும் விலகியும் வைத்தால் குட்டி யானை முகம் வரும்.

இன்னும் இரண்டு நாள், வெயில் படாமல், அட்டைப் பெட்டியில் காயட்டும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து, பிசுபிசுத்து, நிறம் வழியும். கிரீம் கேக் என்றால் பரிமாறும் நேரத்தில்தான் யானை மேலே ஏற வேண்டும். உள்ளே குச்சி இருப்பதைக் கேக் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்; குழந்தை கையில் கொடுக்கும் முன் அவர்கள் அதை எடுத்துவிட வேண்டும்.