செம்பனைத் தோட்டத்தில் எழுத்துள்ள கல் கிடைத்தால்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை பக்கம் நிலம் திருத்தும்போது செதுக்கிய கல் தென்பட்டால், தயவுசெய்து அதைத் தேய்த்துக் கழுவாதீர்கள். சாமிக் கல் என்று மஞ்சள் பூசி எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். எழுத்துப் பள்ளத்தில் எண்ணெய் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

முதலில் படம் எடுங்கள். உச்சி வெயிலில் வெறும் பாறையாகத் தெரிவதுகூட, காலை எட்டரை மணி சாய்வெயிலில் நிழல் விழுந்து எழுத்தாக எழும்பி நிற்கும். மழை மூட்டமா? கைப்பேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். அளவு தெரிய 50 சென் காசு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

கல்லைப் புரட்டவே கூடாது. சுற்றியுள்ள ஓட்டுத்துண்டு, சிப்பிக் குவியல் எல்லாமே சாட்சிதான். செபராங் பிறையிலுள்ள குவார் கெப்பாவில் 2017இல் புதிய கற்காலப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது அப்படியொரு சிப்பி மேட்டில்தான்!

அப்புறம், மாவட்ட அதிகாரியிடம் உடனே தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அது கண்டெடுத்தவரின் கடமை.

பழைய கல்லெழுத்து எப்படியிருக்கும் என்று பார்க்க, புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலய வளாகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பழைய எழுத்து செதுக்கிய செரோக் தொக்குன் பாறை அங்கேதான் இருக்கிறது.