முதியவரிடம் அவர் வாழ்க்கையைக் கேட்பது எப்படி

வீட்டுப் பெரியவர் பழைய கதையையே திரும்பச் சொல்லத் தொடங்கினால், "இதைத்தான் நூறு தடவை சொல்லிவிட்டீர்களே" என்று எழுந்து போய்விடுகிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், இந்தப் பழக்கத்தை மூளைத் தளர்ச்சியாகப் பார்ப்பது தவறு என்று 1963இல் எழுதினார். முடிவு நெருங்குவதை உணர்ந்த மனம், தீராமல் நிற்கும் பழைய வழக்குகளை எடுத்துப் பார்க்கிறது என்பது அவர் கருத்து. மனித வாழ்வின் மனவளர்ச்சியை எட்டுக் கட்டங்களாக 1950இல் வகுத்துக் காட்டிய எரிக் எரிக்சனும், பிறரை நம்பக் கற்பது குழந்தையின் முதல் வேலை என்றால், வாழ்ந்த வாழ்க்கையைக் குறைகளோடு தன்னுடையதாக ஏற்பது முதியவரின் கடைசி வேலை என்றார். அந்த வேலைக்குத் துணையாக ஒருவர் உட்கார்ந்து கேட்பது பேருதவி.

மாலை வேளை நல்லது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் பக்கமாக உட்காருங்கள். கீரை ஆய்வது, பூக்கட்டுவது போன்ற கைவேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

"உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல" என்பதோடு முடிந்துவிடும். ஆகவே ஒரு பொருளிலிருந்தோ இடத்திலிருந்தோ தொடங்குங்கள். பொதுவாகப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகளே முதுமையில் அதிகமாகத் திரண்டு நிற்கும் என்று நினைவாற்றல் ஆய்வுகள் காட்டுவதால், முதல் கூலி, முதல் ரயில் பயணம், மணமாகிப் போன வீட்டின் அடுப்படி என்று அந்தப் பருவத்திலேயே கேள்விகளை வைப்பது பலன் தரும்.

எங்கள் அப்பத்தா, "அந்த வருஷம் அறுப்புக்குப் போயிருக்கக் கூடாது" என்று அடிக்கடி சொல்வார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஒருநாள் பரணிலிருந்த பித்தளைத் தூக்குவாளியை எடுத்துக் கொடுத்து, அதில் வெட்டியிருக்கும் பெயர் யாருடையது என்று மட்டும் கேட்டேன். எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். அது அவருடைய தங்கையின் பெயர். தங்கைக்குக் காய்ச்சல் என்று ஆள் விட்டுச் சொன்னபோது, அறுப்பு முடியட்டும் என்று இருந்துவிட்டார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இத்தகைய இடத்தில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். "விதி, அதை விடு" என்று தேற்றினால் பேச்சு அங்கேயே அடைபட்டுவிடும். ஆண்டைத் திருத்துவதும், "அப்போதே போயிருக்கலாமே" என்று தீர்ப்புச் சொல்வதும் அதைவிட மோசம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். "அப்புறம் என்ன செஞ்ச, அப்பத்தா?" என்றேன். "அவ பிள்ளையத் தூக்கிட்டு வந்தேன்" என்றார். நான் சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்தான் அந்தப் பிள்ளை. அதன் பின்பும் அப்பத்தா அறுப்புக் கதையைச் சொன்னார். ஆனால் அது அறுப்போடு நிற்காமல், இடுப்பில் பிள்ளையோடு வரப்பில் நடந்து வந்ததில் போய் முடிந்தது.

ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். அரை மணி நேரம் போதும். துயரமான ஒன்றைப் பேசிய நாளில், எழுவதற்கு முன் பேச்சை இன்றைய சாப்பாட்டுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ கொண்டுவந்துவிடுங்கள். பழையதைக் கிளறுவது சிலரைக் குற்ற உணர்விலும் மனச்சோர்விலும் தள்ளக்கூடும் என்று பட்லரே எச்சரித்திருக்கிறார். தூக்கமும் உணவும் குறைந்து, "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு நீடித்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற மனநல உதவி எண்ணும் உண்டு. பழைய கதையைத் திரும்பச் சொல்வது வேறு, கேட்ட கேள்வியையே ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்பதும் பழகிய தெருவில் வழி தவறுவதும் வேறு; பின்னவற்றுக்கு மருத்துவப் பரிசோதனை தேவை.

கைபேசியில் பதிவு செய்வதாக இருந்தால் முன்னதாகவே சொல்லி அனுமதி பெறுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்குத் தனியாகக் கேளுங்கள். பதிவை யாருக்குக் கேட்கத் தரலாம் என்று நான் கேட்டபோது, அப்பத்தா தூக்குவாளியை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "ஒன் சித்தப்பனுக்கு மட்டும் போட்டுக் காட்டு" என்றார்.