முதல் திரையிலேயே பதில் சொல்லுங்கள்

இணையதளம் வேண்டும் என்று வருபவர்களிடம் நான் முதலில் லோகோ கேட்பதில்லை, "யாருக்கு, என்ன செய்து தருகிறீர்கள்?" என்றுதான் கேட்பேன். அந்தப் பதில்தான் முதல் திரையின், அதாவது தளத்தைத் திறந்ததும் கண்ணில் படும் பகுதியின், தலைப்பு. "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்பதை அழித்துவிட்டு, "சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதி, வரி தாக்கல் செய்து தருகிறோம்" என்று போடுங்கள். கீழேயே ஒரே ஒரு பொத்தான். அதில் "சமர்ப்பி" வேண்டாம், "கட்டணம் கேளுங்கள்" என்று இருக்கட்டும். வாடிக்கையாளர் கருத்து ஒன்றையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள். தனிப் பக்கத்தில் போட்டால் யார் தேடிப் போய்ப் படிக்கிறார்கள்?

அப்புறம் படிவம். பெயர், தொலைபேசி எண், என்ன தேவை. போதும். முகவரியெல்லாம் வேலை முடிவான பிறகு கேட்டுக்கொள்ளலாம். உங்கள் எண்ணைப் படமாகப் போடாதீர்கள். தொட்டதும் அழைப்பு போக வேண்டும்.

வேகத்துக்குக் கூகுள் சொல்லும் அளவு: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். நகரும் பேனரைத் தூக்கிவிட்டு, படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள்.