அடுத்த வேலை கையில் இல்லாமல் வேலையை விடுவது எப்படி? தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில், கெடா மாநிலத்தின் பாடாங் செராய், லூனாஸ் பக்கத்தில் பல பிள்ளைகள் வேலையை விடும் விதம் ஒன்றுதான். ஒரு நாள் விடியற்காலை கம்பெனி பஸ் வரும்; அவர்கள் ஏற மாட்டார்கள். போனை அடைத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துவிடுவார். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பு.

முடியாது. கடைசிச் சம்பளத்தில் கழிப்பார்கள். மிச்சமிருக்கும் லீவுக் காசுக்கு அலைய வேண்டிவரும். நாளைக்குக் கூலிமில் வேறொரு தொழிற்சாலைக்குப் போனால், அங்கே இருக்கும் எச்.ஆர். பழைய கம்பெனிக்குப் போன் அடிப்பார். ஊர் அவ்வளவு சின்னது.

தினமும் திட்டு வாங்கி, தூக்கம் கெட்டு, வயிற்றெரிச்சலோடு வேலைக்குப் போகும் ஒரு பிள்ளை, அடுத்த வேலை கிடைக்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சில இடங்களை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் தலைமறைவாகாதீர்கள். கடிதம் கொடுங்கள், தேதி போடுங்கள், வர வேண்டிய காசை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அதற்கான வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சட்ட விவரங்கள் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலிருந்து, 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தங்களோடு. இது தீபகற்பத்துக்குப் பொருந்தும். சபா, சரவாக்கில் தனிச் சட்டம்.

படி 1: உங்கள் பிரச்சினை எந்த வகை என்று பாருங்கள்

முதலில் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் இதில் காசு அடங்கியிருக்கிறது.

நீங்களாக விருப்பப்பட்டு விலகினால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதித் திட்டத்திலிருந்து ஒரு காசும் வராது. ஆனால் பாலியல் தொல்லை, வேலையிடத்தில் மிரட்டல், உங்கள் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஆபத்தான வேலையைச் செய்யச் சொல்வது, இந்த மாதிரிக் காரணங்களால் விலக நேர்ந்தால் அதை வேலை இழப்பாகக் கருத இடமிருக்கிறது. அப்போது வேலை தேடும் கால உதவித்தொகை கேட்கலாம். கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அப்புறம் 40, 40, 30, 30. வேலை போன 60 நாளுக்குள் மனு போட வேண்டும். முதல் தடவை கேட்பவருக்குக் கடந்த 24 மாதத்தில் 12 மாதச் சந்தாவாவது கட்டியிருக்க வேண்டும்.

ஆகவே மிரட்டலால் போகும் ஒருவர், கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிவிட்டால் தன் கதவைத் தானே சாத்திக்கொள்கிறார். கம்பெனியே ஒரு விலகல் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்து "கையெழுத்துப் போடு" என்று நெருக்கினால் போடாதீர்கள். வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். கட்டாயப்படுத்தி விலக வைப்பது வேலைநீக்கத்துக்குச் சமம். அதற்கும் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடலாம்.

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) காசு வரவில்லை, வாரம் 45 மணி நேரத்துக்கு மேல் கணக்கில்லாமல் வேலை வாங்குகிறார்கள், சம்பள சிலிப்பில் இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) கழித்திருக்கிறது ஆனால் கணக்கில் ஏறவில்லை, இவை வேறு வகை. சம்பளம், ஓ.டி. விஷயத்துக்குத் தொழிலாளர் இலாகா. சந்தா விஷயத்துக்கு இபிஎஃப் அலுவலகம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. வேலையை விட்ட பிறகும் புகார் செய்யலாம். தோட்டத்திலேயே வேலை என்றால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் நீங்கள் உறுப்பினரா என்று பார்த்து, கிளைத் தலைவரிடம் முதலில் பேசுங்கள்.

படி 2: ஒரு நோட்டுப் புத்தகம்

பள்ளிப்பிள்ளை நோட்டு போதும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் சொன்னார், பக்கத்தில் யார் நின்றார்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "மோசமாகத் திட்டினார்" என்று எழுதினால் பின்னால் அதிகாரி கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். "10.20க்கு லைன் 3இல், எல்லார் முன்னாலும், 'உன்னைப் பெத்தவங்க உனக்கு மூளை வைக்கலையா' என்றார், இரண்டு ஆப்பரேட்டர்கள் கேட்டார்கள்" என்று எழுதினால் யாரும் எதுவும் விளக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் செய்திகள், சம்பள சிலிப், வேலை ஒப்பந்தம், ஓ.டி. பாரம், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எல்லாவற்றையும் படம் எடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். கடிதம் கொடுத்த அன்றே கம்பெனி மின்னஞ்சல் கணக்கை அடைத்துவிடும் இடங்கள் உண்டு.

படி 3: வீடு யார் பேரில் இருக்கிறது?

தாமானில் (வெளிக் குடியிருப்புப் பகுதியில்) வாடகைக்கோ சொந்த வீட்டிலோ இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

தோட்டத்து லயத்தில், அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில், இருப்பவர்கள் நின்று படிக்க வேண்டும். வீடு வேலையோடு வருகிறது. அப்பா பேரில் வீடு இருந்து நீங்கள் வெளியே வேலை செய்தால் பயமில்லை. உங்கள் பேரில் இருந்தால், வேலையை விட்ட கையோடு வீட்டையும் விட வேண்டிவரும். கடிதம் எழுதும் முன்பே குடும்பம் போய்த் தங்க ஓர் இடம், அதற்கான முன்பணம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சாமான் ஏற்ற லாரி, எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். வீடு பற்றி நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் எது, காலி செய்ய எத்தனை நாள் என்று தோட்டக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்கலாம். ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வைத்துக் கேட்காதீர்கள். அன்று சாயங்காலமே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

படி 4: காசுக் கணக்கு

மூன்று மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. வீட்டை ஒற்றை ஆளாகத் தாங்குகிறவருக்கு ஆறு மாதம்.

அம்மா கையில் கொடுப்பது, வாடகை, மோட்டார் தவணை, மளிகை, கரண்டு, தண்ணீர், போன், அப்பாவின் மருந்து. கூட்டுப் பணத்தை (சீட்டுக் காசை) மறந்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் பாதி வீடுகளின் கணக்கு அங்கேதான் ஓட்டையாகிறது. உங்கள் முறையை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், மீதி மாதங்களுக்குக் கட்ட வேண்டியதை முதலில் ஒதுக்கி வையுங்கள். இன்னும் எடுக்கவில்லை என்றால், எப்போது வரும் என்று நடத்துகிற அக்காவிடம் கேட்டுவிட்டு விலகும் தேதியை முடிவு செய்யுங்கள்.

"இபிஎஃப் இருக்கிறதே" என்பார்கள். சம்பளம் 2,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 220. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 260. மாதம் 480. 2024 மே மாதத்திலிருந்து இந்தக் காசு மூன்று கணக்காகப் பிரிகிறது: ஓய்வுக்கு 75 விழுக்காடு, செஜாத்ரா கணக்குக்கு 15, ஃபிலெக்சிபல் கணக்குக்கு 10. நினைத்த நேரத்தில் எடுக்கலாம் என்பது அந்தக் கடைசிப் பத்து மட்டும்தான். மாதம் 48 வெள்ளி. வருடம் முழுக்க வேலை செய்தாலும் 576 வெள்ளிதான் சேரும். அதை நம்பி வேலையை விட முடியாது.

தவணை கட்ட முடியாமல் போகும் என்று தெரிந்தால், தவறும் முன்பே ஏகேபிகேவுக்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் அது, ஆலோசனை இலவசம். அநியாய வட்டிக்கு விடும் ஆலோங் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அதற்குப் பதில் இன்னும் மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்து சேமிக்கலாம்.

உடம்போ மனமோ ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றால் இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். ராத்திரி தூக்கமில்லை, கம்பெனி பஸ் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது, செத்துப் போகலாமா என்று தோன்றுகிறது என்றால் இன்றைக்கே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பும் உங்களுக்கு உண்டு: இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், அதற்கு மேல் 18, ஐந்து வருடம் தாண்டினால் 22.

படி 5: வீட்டிலும், வேலைக்குச் சேர்த்துவிட்டவரிடமும்

நமக்குச் சட்டத்தைவிட இதுதான் பெரிய மலை. "அடுத்த வேலை இல்லாம எவனாச்சும் இருக்கிற வேலையை விடுவானா?" என்று அப்பா கேட்பார். ரப்பர் பால் வெட்டியும் செம்பனைப் பழம் அறுத்தும் உங்களைப் படிக்க வைத்தவர். அவர் பயம் நியாயமானது. கொடுமையை விவரிப்பதோடு நிறுத்தாதீர்கள், கணக்கையும் காட்டுங்கள். "அப்பா, மூணு மாசத்துக்கு வீட்டுக் காசு எடுத்து வச்சிட்டேன். மோட்டாருக்கும் இருக்கு. இந்தத் தேதியில நிக்கிறேன், மறுநாளே வேலை தேட ஆரம்பிப்பேன்." தேதியும் தொகையும் காதில் விழுந்தால் அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கும்.

மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ சொல்லித்தான் அந்த வேலை கிடைத்தது என்றால், கடிதம் கொடுப்பதற்கு முந்தின நாள் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் அதை சூப்பர்வைசர் வாயிலிருந்து கேட்கக் கூடாது.

படி 6: கடிதம்

எத்தனை நாள் நோட்டீஸ்? ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் எழுதியிருப்பதுதான் கணக்கு. எழுதியிருக்கவில்லை என்றால் சட்டம் சொல்வது: வேலை செய்தது இரண்டு வருடத்துக்குக் குறைவு என்றால் 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், ஐந்து வருடமோ அதற்கு மேலோ என்றால் 8 வாரம். இன்னொன்று: நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பெனி உங்களை நிறுத்த ஒரு மாதம், நீங்கள் விலக மூன்று மாதம் என்று இருந்தால் தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள்.

நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுக்கும் நாளும் கணக்கில் சேரும். 2026 மார்ச் 2ஆம் தேதி கொடுத்தால் 4 வாரம் மார்ச் 29ஆம் தேதி முடிகிறது.

மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். விஷயம் இவ்வளவுதான்:

"நான் இன்ன பிரிவில் இன்ன வேலையில் இருக்கிறேன். 2 மார்ச் 2026 தேதியிட்ட இந்தக் கடிதத்தின் மூலம் 4 வார நோட்டீஸ் கொடுக்கிறேன். என் கடைசி வேலை நாள் 29 மார்ச் 2026. மீதமுள்ள ஆண்டு விடுப்பு, ஓ.டி., கடைசிச் சம்பளம் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தரக் கேட்டுக்கொள்கிறேன்."

பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. சாதாரணமாக விலகுகிறவர் காரணம் எழுதத் தேவையில்லை. படி 1இல் சொன்ன மிரட்டல், தொல்லை இருந்தால் அதைத் தேதியோடு இரண்டு வரியில் எழுதுங்கள். மனதில் உள்ள கோபத்தையெல்லாம் கொட்டி மூன்று பக்கம் எழுத வேண்டாம். அது அந்த நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எச்.ஆர். கையெழுத்து, தேதி, கம்பெனி முத்திரை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்புங்கள், தபால் நிலையத்தில் பதிவுத் தபாலும் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "நான் இதை ஏற்கவில்லை" என்று மேனேஜர் சொன்னால் பதறாதீர்கள். நீங்கள் கொடுப்பது அறிவிப்பு. அவர் சம்மதம் தேவையில்லை.

படி 7: இன்றைக்கே போக வேண்டும் என்றால்

நம் ஊரில் "24 மணி நேர நோட்டீஸ்" என்று சொல்வது இதைத்தான். நோட்டீஸ் காலத்துக்கு உரிய சம்பளத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு உடனே போகலாம். ஒரு மாத நோட்டீஸ், 2,000 வெள்ளிச் சம்பளம் என்றால் 2,000. இதைக் கடைசிச் சம்பளத்தில் கழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே சம்பளம் வாங்கிய மறுநாளா, மாதக் கடைசியா என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கோ உங்களை நம்பியிருப்பவர்களுக்கோ வன்முறையாலோ நோயாலோ உடனடி ஆபத்து, அதுவும் அந்த வேலையோடு சேர்ந்து வராத ஆபத்து என்றால், நோட்டீஸ் இல்லாமலே விலகலாம், பிரிவு 14(3). அடித்துவிட்டார்கள் என்றால் முதலில் போலீஸ் புகார், கிளினிக் அறிக்கை, பிறகு கடிதம்.

எதுவும் சொல்லாமல் இரண்டு வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து வராமல் இருந்தால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்றாகிவிடும். பஸ் ஏறாமல் இருந்துவிடுவதில் உள்ள சிக்கல் இதுதான்.

படி 8: நோட்டீஸ் நாட்களில்

சிலர் வேண்டுமென்றே படுத்துவார்கள். கழிவறை கழுவச் சொல்வார்கள், பேசாமல் ஒதுக்குவார்கள். நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். வேலைக்கு நேரத்துக்குப் போங்கள், ஒப்படைக்க வேண்டியதைக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். மிச்ச லீவை நோட்டீஸ் காலத்தில் கழிக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். பல் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாவற்றையும் கம்பெனி செலவில் பார்க்கும் பேனல் கிளினிக்கில் இப்போதே முடித்துவிடுங்கள்.

படி 9: கடைசி நாளும் அதற்குப் பிறகும்

நோட்டீஸை முழுதாக முடித்தவருக்குக் கடைசி நாளிலேயே சம்பளம் தர வேண்டும். நோட்டீஸுக்குப் பதில் காசு கட்டிவிட்டுப் போனவருக்கு மூன்று நாளுக்குள். "அடுத்த மாதச் சம்பளத்தோடு வரும்" என்றால் எழுத்தில் கேளுங்கள், வராவிட்டால் தொழிலாளர் இலாகா. வேலை செய்ததற்கான சான்றுக் கடிதத்தையும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் தளத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் தூங்கி எழுவதில் தப்பே இல்லை, அது தேவை. அதற்குப் பிறகு எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். நேர்முகத்தில் "ஏன் விட்டீர்கள்?" என்று கேட்பார்கள். "வேலை நேரமும் சூழலும் எனக்கு ஒத்துவரவில்லை, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விலகினேன்" என்று சொல்லி, முத்திரை போட்ட பிரதியைக் காட்டுங்கள். பழைய சூப்பர்வைசரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். எதிரில் இருப்பவர் அவருக்கு உறவாகவும் இருக்கலாம்.

அடுத்த மாதம் இபிஎஃப்பின் இணையக் கணக்கான ஐ-அக்கவுனில் கடைசி மாத இபிஎஃப் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரிக்கான இஏ பாரத்தை அடுத்த ஆண்டு பிப்ரவரி முடிவதற்குள் பழைய கம்பெனி கொடுத்தாக வேண்டும். முகவரி மாறியிருந்தால் எச்.ஆருக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.